டாரட் கார்டு: பார்க்க மட்டுமா, செய்யவுமா?

கேள்வி: மோல்மேன் (பர்மா) தங்கச்சி, 2024 செப்டம்பர் 28

அக்கா, டாரட் என்ற படச் சீட்டுக்கட்டில் குறி பார்ப்பது இப்போது எல்லாரும் செய்வதுதான். ஆனால் போனைத் திறந்தால் வேறு மாதிரி வருகிறது. வேலை வேண்டுமா, இந்தக் கார்டை மெழுகுவர்த்தி முன்னால் வை. பாஸ்போர்ட் வர வேண்டுமா, அந்தக் கார்டைத் தலையணைக்கு அடியில் வை. பர்மியப் பெண் ஒருத்தி செய்து காட்டுகிறாள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது செய்வினை, சாமி ரூமுக்குள் கொண்டு வராதே" என்று சத்தம் போட்டார்கள். குறி பார்க்கிற கார்டை வைத்துக் காரியம் சாதிக்க முடியுமா? இல்லை, அம்மா சொல்வதுதான் சரியா?

செப்டம்பர் 28, இரவு

செய்யலாம். ஆனால் அது வேறு வேலை. குறிக்குக் கட்டைக் கலைத்து, கவிழ்த்து வைத்து, வருவதை எடுக்கிறோம். சடங்குக்கு அப்படி எடுத்தால் ஆகாது. வேலை வேண்டும் என்று உட்கார்ந்தவளுக்கு முதுகில் பத்து வாள் குத்திக் கிடக்கிற கார்டு வந்தால் என்ன செய்வாள்? கட்டை முகம் தெரியத் திருப்பி, 78 கார்டையும் பாயில் பரப்பி, எது வேண்டுமோ அதைக் கண்ணால் பார்த்து எடுக்கணும்.

முக்கால்வாசிப் பேர் அங்கேயே திணறிவிடுகிறார்கள். "நல்ல கார்டு எதுக்கா?" என்பார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கணும்." அதற்குக் கார்டு கிடையாது.

அம்மா விஷயம். செய்வினை என்றால் அடுத்தவர் மேல் வைப்பது. தன் காரியத்துக்குத் தானே வைத்துக்கொள்வதை நான் வேண்டுதல் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அதற்காக அம்மாவோடு வாதாடாதே. சாமி ரூம் அவர்களுடையது, ஜன்னலோர மேசை உன்னுடையது. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு செய்த எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 29

இதையும் சேர்த்துக்கொள். ஒரு காரியத்துக்காக எடுத்து வைத்த கார்டு மேசையில் இருக்கும்போது, அதே காரியத்தைப் பற்றி மிச்சக் கட்டில் குறி கேட்கக் கூடாது. சாஸ்திரம் ஒன்றும் இல்லை, சாதாரணக் கணக்குதான்: நீ எதிர்பார்க்கிற கார்டு கட்டிலேயே இல்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறது. 77 கார்டை வைத்துக் கேட்டுவிட்டு "வரவே மாட்டேங்குது" என்று அழுதால் எப்படி?

நான் சடங்குக்குக் கலர் ஜெராக்ஸ்தான் எடுக்கிறேன். கட்டு முழுசாக இருக்கும், எண்ணெய் பட்டாலும் கவலை இல்லை. நாம் எல்லாரும் பார்க்கிற ரைடர் கட்டு 1909-இல் லண்டனில் வெளிவந்தது. படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். அவர் 1951-இல் இறந்தார். இங்கிலாந்துச் சட்டத்தின் 70 வருஷக் கணக்குப்படி 2021 முடிவோடு உரிமை தீர்ந்தது. அதனால் நகல் எடுப்பதில் பாவம் இல்லை. பாவம் அந்த அம்மாதான், உலகம் முழுக்க விற்கிற படங்களுக்கு அவர் கையில் கிடைத்தது சொற்பக் காசு.

செப்டம்பர் 30

தட்டோனிலிருந்து ஒரு தம்பி "அது 5000 வருஷத்து எகிப்து மந்திரம், விளையாடாதீங்க" என்று பயமுறுத்துகிறார்.

தம்பி, எகிப்துக் கதை 1781-இல் பாரிசில் கூர் த ஜெபலின் என்ற பாதிரியார் எழுதி வைத்தது. எகிப்திய எழுத்தைப் படிக்க வழி பிறந்ததே 1822-இல்தான், அதாவது அவர் எழுதியபோது அதை ஒருத்தராலும் படிக்க முடியாது. கார்டு பிறந்தது வட இத்தாலியில், 15-ஆம் நூற்றாண்டில், சீட்டாட. மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தங்க ரேக்கு ஒட்டி வரைந்த கட்டுகள் இன்றைக்கும் மிச்சம் இருக்கின்றன. பணக்கார வீட்டுச் சீட்டுக்கட்டு, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் பாரிசில் அலியேத் என்ற ஆள் தன் பெயரைப் பின்னாலிருந்து எழுதி "எத்தெய்யா" என்று வைத்துக்கொண்டு குறி சொல்லிப் பிழைத்தார். 1850-களில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர், கட்டில் தனிப் பெயரோடு இருக்கிற 22 பெரிய கார்டையும் எபிரேய மொழியின் 22 எழுத்தோடு ஜோடி சேர்த்தார். 1888-இல் லண்டனில் கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கம் வந்தது. இந்தக் கார்டுக்கு இந்தக் கிரகம், இந்த ராசி, இந்தப் பூதம் என்கிற கணக்கையெல்லாம் விரிவாகப் போட்டவர்கள் அவர்கள்தான். ரைடர் கட்டை வரைந்த அம்மாவும், வரையச் சொன்ன வெயிட் என்பவரும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள். தங்கச்சி பார்த்த வீடியோ அந்தக் கடைச் சரக்கு.

செப்டம்பர் 30, மறுபடியும்

பெகுவிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார்: "பழசு இல்லேன்னா அப்புறம் அதுல என்ன சக்தி?"

அண்ணே, மஞ்சள் பிள்ளையார் எத்தனை வருஷப் பழசு? காலையில் பிடிக்கிறோம், பூஜை முடிந்ததும் கரைக்கிறோம். கல்யாணத்துக்கு அவர் வராமல் தாலி ஏறுமா?

அக்டோபர் 1

எந்தக் கார்டு எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பட்டியல் போட்டால் மருந்துக்கடை ஆகிவிடும். மற்ற கார்டெல்லாம் நான்கு வகை. கப்ஸ் (கோப்பை) என்றால் தண்ணீர், மனசு, உறவு. பென்டக்கிள்ஸ் (நாணயம்) மண், காசு, உடம்பு. வாண்ட்ஸ் (கம்பு) நெருப்பு, ஆசை, ஓட்டம். ஸ்வோர்ட்ஸ் (வாள்) காற்று, புத்தி, வழக்கு, வலி. இது போதும், மிச்சத்தைப் படத்தைப் பார்த்து நீங்களே எடுக்கணும்.

ஆனால் பாஸ்போர்ட், வெளிநாடு என்று இப்போது ரங்கூனில் யாரைப் பார்த்தாலும் கேட்பதால் ஒரே ஒரு கார்டைப் பற்றி நீளமாக எழுதுகிறேன். எல்லாரும் ஸிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் எடுக்கிறார்கள், படகுக் கார்டு. எடுப்பதற்கு முன்னால் உற்றுப் பாருங்கள். படகில் போர்வை போர்த்திக் குனிந்த ஒரு பெண், பக்கத்தில் ஒரு பிள்ளை, பின்னால் துடுப்புக்காரன். மூன்று பேரும் நமக்கு முதுகைக் காட்டுகிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர் அலை அடிக்கிறது, இன்னொரு பக்கம் சலனமே இல்லை. அந்த ஆறு வாளும் எங்கே? படகுக்குள்ளேயே குத்தி நிற்கின்றன. கரையில் விட்டுவிட்டுப் போகவில்லை. பிடுங்கினால் ஓட்டை வழியே தண்ணீர் ஏறும், கூடவேதான் கொண்டு போகணும். "இங்கே இருக்கிற பிரச்சினையெல்லாம் இங்கேயே விட்டுட்டுப் போயிடணும்" என்று நினைக்கிறவர்களுக்கு இது சரியான கார்டே இல்லை. போய்ச் சேரணும், வலியோடு போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்குத்தான்.

காகிதம் சீக்கிரம் நகரணும் என்பது மட்டும்தான் வேண்டுதல் என்றால் எயிட் ஆஃப் வாண்ட்ஸ். வானத்தில் எட்டுக் கம்பு பறக்கும், படத்தில் ஆளே கிடையாது. சேதி போய்ச் சேருவதற்கு உண்டான படம்.

அக்டோபர் 2, அமாவாசை

"வாயால் ஏதாவது சொல்லணுமா?" என்று தங்கச்சி கேட்டிருந்தாள். சொல்லணும். வீடியோக்களில் இங்கேதான் பெரிய ஓட்டை. மெழுகுவர்த்தி நிறம் சொல்கிறார்கள், ஊதுபத்தி வாசனை சொல்கிறார்கள், வாயைத் திறந்து என்ன கேட்பது என்று சொல்வதில்லை. "பிரபஞ்சத்துக்குத் தெரியும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் கோயிலில் ஓர் அர்ச்சனைக்குப் போனாலே குருக்கள் என்ன கேட்கிறார்? பேர், நட்சத்திரம். பெரிய பூஜை என்றால் சங்கல்பத்தில் எந்த நாடு, எந்த வருஷம், மாதம், பட்சம், திதி, கிழமை, யார் மகன், எதற்காக என்று ஒவ்வொன்றாக வரும். சாமிக்குத் தெரியாது என்றா சொல்கிறோம்? கேட்கிறவனுக்குத் தன் வாயால் தெளிவாக வரட்டும் என்றுதான். நான் கார்டு முன்னால் உட்கார்ந்து அதையே தமிழில் சொல்கிறேன். இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் மகள், இன்ன மாதம் முடிவதற்குள் இன்ன காரியம், அதற்காக நான் செய்யப்போவது இது. இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது வரவில்லை என்றால் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். சில நாள் காபியோடு சரி.

அப்புறம், மெழுகுவர்த்தியைக் கார்டு மேல் நிறுத்தாதீர்கள். லேமினேட் செய்ததென்றால் இன்னும் மோசம். உருகிச் சுருண்டு ஒரு நாற்றம் வரும் பாருங்கள், எந்தத் தேவதையும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. தட்டில் மணல் போட்டு அதில் நிறுத்தி, கார்டு ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். நல்லெண்ணெய் அகல் இன்னும் நல்லது, நமக்குக் கை பழகியது.

அக்டோபர் 4

பெகு அண்ணன் யதயாவை, அதாவது பர்மியர் செய்கிற பரிகாரத்தை, இழுத்துவிட்டார். இழுத்தது நல்லதுதான். பர்மியர்களுக்குக் குறி பார்ப்பதும் பரிகாரமும் ஒட்டிப் பிறந்தவை. பேதின் சயாவிடம், அவர்கள் ஜோதிடரிடம், போனால் பலன் மட்டும் கேட்டுவிட்டு யாரும் எழுந்து வருவதில்லை. என்ன யதயா செய்யணும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். மீனை ஆற்றில் விடு, பறவையைக் கூண்டிலிருந்து விடு, இன்ன மூலையில் இத்தனை பூ வை. ஷ்வேடகோன் பகோடாவில் பிறந்த கிழமைக்கு ஒன்றாக இருக்கிற மூலைகளில் பார்க்கிறோமே, வயசோடு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நம் ஆட்களும் ஊற்றுகிறார்கள், நானும் ஊற்றியிருக்கிறேன். போட்டாதாங் பகோடாவில் போ போ ஜீ என்ற காவல் தெய்வத்தின் கையில் பணத் தாளைச் சுருட்டி வைத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு தாளைத் திரும்ப எடுத்துப் பர்சில் வைப்பதும் இதே வகைதான். டாரட்காரர்கள் இப்போது "கார்டைப் பர்சில் வை, காசு தங்கும்" என்பதைக் கேட்டதும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

ரங்கூன் பிள்ளைகள் டாரட்டை இவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணமும் இதுதான் என்று எனக்குத் தோன்றும். மேல்நாட்டில் அது பார்ப்பதற்கான பொருள், செய்வது தனி ஆட்களின் வேலை. இங்கே பார்த்ததும் அடுத்த கேள்வி, "சரி, என்ன செய்யணும்?"

ஆனால் பெரிய ஆட்கள் செய்த யதயாக்களின் கதையையும் சேர்த்துத்தான் சொல்லணும். 1961 டிசம்பரில் பிரதமர் ஊ நு நாடு முழுக்க 60,000 மணல் பகோடா கட்டச் சொன்னார். மறு வருஷம் மார்ச் 2-ஆம் தேதி ஆட்சி கையை விட்டுப் போனது. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி பர்மியப் பணத்தில் 25, 35, 75 சாட் நோட்டெல்லாம் செல்லாது என்றார்கள். அதே மாதம் 45, 90 என்று புது நோட்டு வந்தது. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 9. அன்றைக்கு நாட்டை ஆண்ட நே வினுக்கு ராசி எண் 9 என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தர் ராசிக்கு ஊரே வயிற்றில் ஈரத்துணி கட்டியது. எங்கள் தெருவில் பெரியவர்கள் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது இன்னும் குரல் ஏறும்.

அக்டோபர் 6

யாரோ ராகு காலத்தில் செய்யலாமா என்கிறார்கள். புதன்கிழமை மட்டும் ஒரு வேடிக்கை: நமக்கு 12 மணியிலிருந்து ஒன்றரை ராகு காலம், பர்மியருக்குப் புதன் பகலுக்கு மேல் நாளே ராகுவுடையது, அதற்கு உரிய மிருகம் தந்தமில்லாத யானை. இரண்டு பஞ்சாங்கமும் கைகோத்துக்கொண்டு வேண்டாம் என்கிற நேரம். நான் தையல்காரி, அப்போது பித்தான் தைப்பதோடு சரி.

மற்றபடி ரங்கூனில் மெழுகுவர்த்திச் சடங்குக்கு நேரம் பார்க்கத் தேவையே இல்லை, கரண்ட் போகும்போது செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சந்தேகமே வராது.

அக்டோபர் 7

சிரித்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். கடைக்கு வரும் பர்மியப் பெண் ஒருத்தி, பிறந்த கிழமைக்கு ஒன்றாக அவர்கள் வைத்திருக்கிற மிருகங்களுக்குக் கார்டு பொருத்திக்கொண்டிருக்கிறாள். செவ்வாய்க்குச் சிங்கம், அதனால் சிங்கம் இருக்கிற ஸ்ட்ரெங்த் கார்டு. சனிக்கு நாகம், அதனால் லவ்வர்ஸ் கார்டில் மரத்தைச் சுற்றிய பாம்பு. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, வெள்ளிக்கிழமையில் மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்குக் கினிப் பன்றி. 78 கார்டையும் புரட்டிவிட்டோம். பமீலா அம்மா அதை மட்டும் வரையவில்லை. அவள் வெள்ளிக்கிழமை பிறந்தவள் வேறு.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

கத்தரி, அளவு டேப், தையல் மெஷின், அப்புறம் கட்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கட்டுக்கு மட்டும் துணியைச் சுற்றி மேலே வைத்தேன். கார்டில் குங்குமம் பட்டால் போகாது.

வீட்டுக்கு வந்த பெரியம்மா, "சரஸ்வதி பக்கத்துல சீட்டுக்கட்டா?" என்றார்கள். "இதுலயும் கொஞ்சம் வருமானம் வருது பெரியம்மா" என்றேன். "அப்ப சரி" என்று கடலையை எடுத்துக்கொண்டார்கள். மோல்மேன் தங்கச்சி, அம்மாவிடம் இந்த வழியை முயற்சி செய்து பார்க்கலாம்.

இன்று கட்டைத் தொடக் கூடாது. யாரும் குறி கேட்காதீர்கள்.

அக்டோபர் 13

"உங்களுக்கு ஏதாவது பலித்ததா, சும்மா எழுதாம அதைச் சொல்லுங்க" என்று தட்டோன் தம்பி. நியாயம்தான்.

கடை மந்தமாக இருந்த ஒரு வருஷம் த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ் நகலை மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டினேன். விளக்கேற்றி, பேர் ஊர் சொல்லி, பர்மியரின் தடிஞ்சுட் விளக்குப் பண்டிகைக்குள் இத்தனை ஆர்டர் என்று கேட்டு வைத்தேன். தினமும் உட்காரும்போது கண் அதில்தான் விழும். படம் ஒரு தேவாலயம். பெஞ்சு மேல் ஏறி நின்று ஒரு சிற்பி தூணில் வேலை செய்கிறான். கீழே இரண்டு பேர், அதில் ஒருத்தர் துறவி, இன்னொருத்தர் கையில் கட்டட வரைபடம். அளவு ரவிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நிற்கிற வாடிக்கைக்காரி மாதிரியே நிற்கிறார்கள். முதலில் நான் சிற்பியை மட்டும்தான் பார்த்தேன், நான்தானே அது என்று. நாள் போகப் போகக் கீழே நிற்கும் இரண்டு பேர் உறுத்த ஆரம்பித்தார்கள். அவன் வேலையை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்வதைக் கேட்கிறான்! எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கழுத்து இறக்கம் அதிகம் என்று யாராவது சொன்னால், "இப்ப இதுதான் ஃபேஷன்" என்று வாயை அடைத்து அனுப்புகிற ஆள். அந்த மாதம் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். கொக்கி வைப்பதை மறுநாளைக்குத் தள்ளுவதையும் விட்டேன்.

ஆர்டர் வந்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் வந்தது. கார்டா, நானா, இல்லை பண்டிகை வந்தால் எல்லாருக்கும் தையல் வேலை வரத்தானே செய்யும் என்பதா? மூன்றையும் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. பிரிக்கத் தோன்றவும் இல்லை. மறு வருஷமும் ஒட்டினேன்.

அக்டோபர் 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்ப வெறும் மனப்பயிற்சின்னு சொல்லுங்க, சடங்குன்னு ஏன் சொல்றீங்க?" என்று அண்ணன். யோசித்தேன். மனப்பயிற்சி என்றால் எனக்கு விளக்கேற்றத் தோன்றாது. விளக்கேற்றாவிட்டால் உட்கார மாட்டேன். உட்காராவிட்டால் அந்த இரண்டு பேர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, விளக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அக்டோபர் 18

தனிச் செய்தியில் ஒருத்தர் டூ ஆஃப் கப்ஸ் வைத்து ஒரு பெண்ணை மனம் மாற வைக்க முடியுமா என்று கேட்டார். பேர், படம், பிறந்த தேதி எல்லாம் அனுப்பியிருந்தார். அழித்துவிட்டேன்.

இதற்கு வசியம் என்று பேர். மெழுகுவர்த்தி ரோஸ் நிறமாக இருந்தால் மட்டும் வேறாகிவிடாது. அம்மா சத்தம் போட்டார்களே செய்வினை என்று, அது இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். அந்தப் படத்தைப் பார்த்தாலே விஷயம் தெரியும்: இரண்டு பேர், இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு கோப்பை. இரண்டாவது கோப்பையையும் நீங்களே பிடித்துக்கொண்டால் அது டூ ஆஃப் கப்ஸே கிடையாது. "எனக்குக் கல்யாணம் கூடி வரணும்" என்று கேளுங்கள், கூட உட்கார்ந்து விளக்கு ஏற்றித் தருகிறேன். "இன்னார் வரணும்" என்றால் கடையைச் சாத்திவிட்டேன்.

மருமகளை விரட்ட டவர் கார்டு கேட்ட அம்மாவும் இதைப் படிக்கலாம். இடி விழுவது கோபுரத்தின் மேல், கோபுரம் உங்கள் வீடு.

உடம்புக்கு முடியாதவர்களுக்காக ஸ்டார், டெம்பரன்ஸ் வைக்கிறார்கள். வையுங்கள், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்து.

அக்டோபர் 21

ஜோதிடம் தெரிந்த பெகு அண்ணனுக்காக இது. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

கோல்டன் டான் சங்கத்தார் நான்கு வகையிலும் 2 முதல் 10 வரை உள்ள 36 கார்டை எடுத்து, ராசிக்கு மூன்று வீதம் 10 பாகைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார்கள். அதாவது நம் திரேக்காணமேதான், 36. படகுக் கார்டு, அந்த ஸிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ், கும்பத்தின் இரண்டாம் திரேக்காணம், அதிபதி புதன். நம் கணக்கிலும் கும்பத்தின் இரண்டாம் திரேக்காணத்துக்கு ஐந்தாம் வீடான மிதுனம், அதே புதன்தான். எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்ததைப் பார்த்தேன், போச்சு. எயிட் ஆஃப் வாண்ட்ஸ் தனுசு முதல் திரேக்காணம்: நமக்குக் குரு, அவர்களுக்குப் புதன். என் த்ரீ ஆஃப் பென்டக்கிள்ஸ் மகரம் இரண்டு: நமக்குச் சுக்கிரன், அவர்களுக்குச் செவ்வாய். அவர்கள் கிரகங்களை வேறு வரிசையில் சுற்றி விடுகிறார்கள், நாம் 1, 5, 9 என்று திரிகோணத்தில் எடுக்கிறோம். எங்கேயாவது ஒன்று தற்செயலாக ஒட்டும்.

தேதியும் இடிக்கும். படகுக் கார்டுக்கு மேல்நாட்டார் ஜனவரி 30 முதல் பிப்ரவரி 8 வரை என்பார்கள். நம் நிராயனக் கணக்கில் சூரியன் கும்பத்தின் நடுப் பத்துப் பாகையில் இருப்பது மாசி இரண்டாவது பத்து நாள், பிப்ரவரி 23-ஐ ஒட்டித் தொடங்கும். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கிற அயனாம்ச வித்தியாசம் 24 பாகை. எதை எடுப்பது என்று கேட்டால், கார்டுக் கணக்கைப் போட்டவர்கள் தேதியைக் கார்டுக்கு எடுங்கள், நம் வீட்டுக் காரியத்துக்கு நம் பஞ்சாங்கம். இரண்டையும் கலக்கி ஒன்றுமே செய்யாமல் மாசிக்காகக் காத்திருப்பதைவிட, வளர்பிறையில் ஒரு நல்ல ஹோரை பார்த்து உட்கார்ந்து எழுந்து வேலையைப் பாருங்கள்.

அக்டோபர் 22

அண்ணன் மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். சுருக்கம்: அவர்கள் தப்பு. சரி அண்ணே.

நவம்பர் 3

தீபாவளி ஆர்டர் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறாள்: ஜன்னலோர மேசை, அகல், எயிட் ஆஃப் வாண்ட்ஸ். பக்கத்தில் படகு, அதற்குப் பக்கத்தில் சாரியட், கூடவே வேர்ல்ட், கூடவே ஸன். "ஒண்ணுக்கு ஒண்ணு துணையா இருக்கட்டும்னு வச்சேன்கா. ஒரு மாசமா அப்படியே இருக்கு. எப்ப எடுக்கணும்?"

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, வீடியோவில் யாரும் சொல்வதும் இல்லை. எனக்கு இதில் இருக்கிற அக்கறை வேறு எதிலும் இல்லை. பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரை என்ன செய்கிறோம்? பூவும் அட்சதையும் போட்டு, வடக்குப் பக்கம் ஒரு விரல் நகர்த்தி, போய் வாங்க என்று அனுப்பி வைக்கிறோம். நகர்த்தாமல் எழுந்துவிட்டால் வீட்டில் யாராவது சத்தம் போடுவார்கள். கார்டுக்கும் அதுதான். கூப்பிட்டது போல அனுப்பவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது மேசையில் கிடக்கிற அட்டை. கண் பார்க்கும், மனசு பார்க்காது. மேலே தூசி, பக்கத்தில் சார்ஜர். என் வாடிக்கைக்காரி ஒருத்தி வீட்டில் கார்டு மேல் ரிமோட் இருந்தது.

முடிவு தேதியைச் சங்கல்பத்திலேயே சொல்லிவிடு. நான் பத்து, பதினைந்து நாளுக்கு மேல் வைப்பதில்லை, அமாவாசையில் ஆரம்பித்தால் பௌர்ணமியில் எடுத்துவிடுவேன். சுவரில் ஒட்டியதுகூடப் பண்டிகையோடு இறங்கிவிட்டது. நடந்தாலும் எடுக்கணும், நடக்காவிட்டாலும் எடுக்கணும். நடக்காததை எடுப்பதுதான் கஷ்டம். எடுத்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது சடங்கும் இல்லை, காத்திருப்பும் இல்லை, வெறும் ஏக்கம். எடுத்து, அசல் கார்டு என்றால் துடைத்துக் கட்டோடு சேர்த்துக் கலைத்துவிடு. நகல் என்றால் எரித்துச் சாம்பலைச் செடிக்குப் போடு. லேமினேட் செய்ததை எரிக்காதே, மேலே சொன்னேன்.

அந்த ஐந்து கார்டு வேறு. துணைக்கு வைத்தேன் என்கிறாய். சீக்கிரம் வரணும், போய்ச் சேரணும், ஜெயிக்கணும், எல்லாம் முடியணும், சந்தோஷமாக இருக்கணும்: ஐந்து வேண்டுதல். இதில் எதற்கு நீ என்ன செய்யப்போகிறாய் என்று சொன்னாய்? முதலாவதற்கு மட்டும், காகிதத்தைச் சரிபார்த்துக் கொடுத்தாய். அப்போது அது மட்டும் இருக்கட்டும்.

நவம்பர் 4

தங்கச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாளாம். காகிதம் இன்னும் வரவில்லை. அடுத்த வளர்பிறையில் ஒரே கார்டோடு உட்காரப்போகிறாள். எந்தக் கார்டு என்று என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 9

புதிதாக வந்த ஒருத்தர்: தலைகீழ்க் கார்டைச் சடங்குக்கு வைக்கலாமா, கடன் குறைய டென் ஆஃப் வாண்ட்ஸைத் தலைகீழாக வைத்தால் சுமை கீழே விழுமா என்று.

யோசனை நன்றாக இருக்கிறது, நான் செய்ததில்லை. படத்தில் அவன் பத்துக் கம்பையும் அணைத்துக்கொண்டு முகம் தெரியாமல் குனிந்து போகிறான். திருப்பினால் கம்போடு சேர்ந்து அவனும் தலைகீழாகத்தான் நிற்பான். நேராகவே வைத்து, எந்தக் கம்பை முதலில் இறக்குவது என்று பாருங்கள். வட்டி அதிகமாக இருப்பது எதுவோ அது.